இரண்டாம் இடம் என்று யார் சொன்னது?
ஊவாத் தோட்டங்களும் காலநிலைத் தகவல்களும்

ராத்தாவின் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் அறுபத்தெட்டுப் பக்க வரைவு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "மாமா, நீங்க புவியியல் படிப்பிச்சவர்தானே. ஒருக்காப் பார்த்துத் தாங்க, எழுத்துப் பிழை இருந்தாத் திருத்துங்க, போதும்" என்றாள். ‘ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களில் காலநிலை மாற்றத்தின் தாக்கம்’ என்பது தலைப்பு. கடைசியில் நாற்பதுக்கு மேற்பட்ட மேற்கோள் ஆதாரங்கள்.

எழுத்துப் பிழை அதிகம் இருக்கவில்லை. ஆனால் மூன்று இரவு வாசித்த பிறகு எனக்கு நித்திரை குழம்பிப்போனது. அந்த வரைவில் இருந்த பிழைகள் அவளுடைய பிழைகள் அல்ல. நமது தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகளிலும், கருத்தரங்கு மலர்களிலும், தொண்டு நிறுவனக் கையேடுகளிலும் வருடக்கணக்காக நான் வாசித்து, தலையாட்டி, சில வேளை வகுப்பில் நானே சொல்லியும் கொடுத்த பிழைகள். ஆகவே இது ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கு எழுதும் விமர்சனம் அல்ல. காலநிலை பற்றி நாம் எழுதும் முறைக்கு எழுதும் விமர்சனம். என்னையும் சேர்த்துத்தான்.

முதல் வசனத்திலிருந்தே தொடங்கலாம். "காலநிலை மாற்றத்தால் உலகில் அதிகம் பாதிக்கப்படும் நாடுகளில் இலங்கை இரண்டாம் இடத்தில் உள்ளது." இதை வாசிக்காத வாசகர் இருக்க முடியாது. அமைச்சர்கள் சொல்கிறார்கள், பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் காட்டினாள். அந்தக் கட்டுரை ஒரு கருத்தரங்கு உரையிலிருந்து எடுத்தது. உரை எங்கிருந்து எடுத்தது என்பதற்குத் தடயம் இல்லை.

தேடிப் போனால் வேர் ஜேர்மனியில் இருக்கிறது. ஜேர்மன்வோட்ச் என்ற அமைப்பு வருடாவருடம் காலநிலை இடர்ச் சுட்டி ஒன்றை வெளியிட்டு வந்தது. 2018 டிசம்பரில் வந்த பதிப்பில் புவேர்ட்டோ ரிக்கோ முதலாவது, இலங்கை இரண்டாவது. (புவேர்ட்டோ ரிக்கோ ஒரு நாடே அல்ல, அதை விடுவோம்.) அந்தப் பட்டியல் 2017 என்ற ஒரே ஒரு வருடத்துக்கானது. அந்த வருடம் வெள்ளம், புயல், மண்சரிவு போன்றவற்றில் எத்தனை பேர் இறந்தார்கள், சனத்தொகைக்கு எத்தனை வீதம், பண நட்டம் எவ்வளவு, அது நாட்டின் உற்பத்தியில் எந்தப் பங்கு என்ற நான்கு கணக்குகளைக் கூட்டி எடுத்த இடம் அது. 2017 மே மாதத்தில் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறைப் பக்கங்களில் பெய்த மழையில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் இரண்டாம் இடம். அடுத்த பதிப்பில், 2018ஆம் வருடக் கணக்கில், ஆறாம் இடம். நடந்து முடிந்த நட்டத்தின் கணக்குத்தான் இது. வரப்போகும் ஆபத்தின் அளவு அல்ல. காலநிலை மாற்றம் இதில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதையும் அது அளக்கவில்லை. ஊவாத் தோட்டங்களைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெற்கிலும் மேற்கிலும் இறந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்துத்தான் பதுளையைப் பற்றிய ஆய்வேட்டுக்கு நாம் தலைப்பாகை கட்டியிருக்கிறோம்.

ஹதீஸ் படித்தவர்களுக்கு அறிவிப்பாளர் தொடரைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்று கேட்ட பாரம்பரியம் நம்முடையது. புள்ளிவிபரம் என்று வந்ததும் அந்தப் பழக்கத்தைப் பள்ளிவாசல் வாசலிலே செருப்போடு விட்டுவிடுகிறோம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரு பகுதியில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் அழிந்துபோகக் கூடும் என்ற கருத்து இருந்தது. அதற்குக் காட்டிய ஆதாரம் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அந்த அறிக்கைக்கு ஆதாரம் 1999இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த நேர்காணல் செய்தி. அதற்குப் பின்னால் ஆய்வு ஒன்றும் இல்லை. 1996இல் வந்த வேறோர் அறிக்கையில் 2350 என்று ஓர் ஆண்டு இருந்தது, அது 2035 ஆகத் திரும்பியிருக்கலாம் என்று பின்னர் சிலர் காட்டினார்கள். 2010 ஜனவரியில் குழு பகிரங்கமாகத் தவறை ஒப்புக்கொண்டது. வட்ஸ்அப்பில் "காலநிலை மாற்றம் எல்லாம் வெள்ளைக்காரன்ட பொய்" என்று எழுதுபவர்கள் இந்தக் கதையை இன்றும் தூக்கிப் பிடிப்பார்கள். நான் இதை மறுபக்கமாகத்தான் வாசிக்கிறேன். ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு பிழையை வேறு விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தார்கள், எழுதியவர்கள் திருத்தினார்கள். நம் கருத்தரங்கு மலர்களில் வந்த எந்தப் புள்ளிவிபரத்துக்காவது அடுத்த இதழில் திருத்தம் வந்து பார்த்திருக்கிறீர்களா?

அதே குழுவின் அறிக்கைகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் "நிகழக்கூடும்" என்று எழுதினால் அதற்கு ஓர் அளவு உண்டு, நூற்றுக்கு 66க்கு மேல் சாத்தியம். "பெரும்பாலும் நிகழும்" என்பது 90க்கு மேல். ஒவ்வொரு முடிவுக்குப் பக்கத்திலும் எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறோம் என்று போட்டிருப்பார்கள். தமிழில் வரும்போது இந்தப் படிகள் எல்லாம் உதிர்ந்து ‘நிகழும்’ என்ற ஒரே சொல்தான் மிஞ்சுகிறது. மருமகளின் வரைவில் பதினொரு இடத்தில் ‘நிகழும்’. மூலத்தில் போய்ப் பார்த்தால் சிலது நடுத்தர நம்பிக்கை, ஒன்றிரண்டு குறைந்த நம்பிக்கை.

அடுத்தது மழை. "இலங்கையின் மழைவீழ்ச்சி 144 மில்லிமீற்றர் குறைந்துள்ளது" என்று வரைவின் இரண்டாம் அத்தியாயம். இதுவும் பழைய நண்பர்தான். 1931 முதல் 1960 வரையான முப்பது வருடச் சராசரியோடு 1961 முதல் 1990 வரையான சராசரியை ஒப்பிட்டு, 1990களில் சந்திரபால செய்த கணக்கு, ஏறக்குறைய 7 வீதக் குறைவு. வெப்பநிலை வருடத்துக்கு 0.016 பாகை கூடுகிறது என்பதும் அதே காலத்துக் கணக்கு. அன்றைக்கு நல்ல வேலை. ஆனால் அந்தக் கணக்கு 1990இல் நின்றுவிட்டது. அதை "குறைந்து வருகிறது" என்று நிகழ்காலத்தில் எழுதுவதுதான் தவறு. வளிமண்டலவியல் திணைக்களத்தைச் சேர்ந்த ஷிரோமணி ஜயவர்தன முதலானோர் 1980 முதல் 2015 வரையான தரவுகளை எடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் படம் மாறுகிறது. இரவுகள் சூடாகின்றன, பல நிலையங்களில் மொத்த மழையும் கடும் மழையும் கூடும் போக்கில் இருக்கின்றன. ‘மழை குறைகிறது’ என்று நம்பி வரட்சிக்குத் தயாராகும் திட்டமும், ‘அடைமழை கூடுகிறது’ என்று தெரிந்து மண்சரிவுக்குத் தயாராகும் திட்டமும் ஒன்றல்ல. லயத்தில் இருப்பவருக்கு இது உயிர் விஷயம்.

இதைவிட எனக்குச் சிரிப்பும் வருத்தமும் தந்த வசனம் ஒன்று இருந்தது. "தென்மேல் பருவமழை பிந்துவதால் ஊவாத் தேயிலை பாதிக்கப்படுகிறது." இதைப் பசறையில் ஒரு கங்காணியிடம் வாசித்துக் காட்டினால், தங்கச்சி எந்த ஊர் என்று கேட்பார். மத்திய மலைகளின் கிழக்குப் புறத்தில் கிடக்கிறது ஊவா. தென்மேல் பருவக் காற்று மழையை அந்தப் பக்கம், ஹட்டன், நோர்வூட் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்த கச்சான் காற்றாக இறங்கும். ஆடி, ஆவணியில் அந்தக் காற்றில் கொழுந்து வாடித்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசமே பிடிக்கிறது. உலகச் சந்தையில் ஊவாவுக்குத் தனி விலை கிடைப்பது அந்தச் சில கிழமைகளால்தான். நம்முடைய பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அவள் படித்த ஆதாரங்கள் எல்லாம் ‘இலங்கை’ என்று எழுதியிருந்தன. இலங்கை என்றால் கொழும்பு, கொழும்பு என்றால் தென்மேல் பருவமழை. தேசிய சராசரி என்பது எந்த ஊரிலும் பெய்யாத மழை.

தேயிலையைப் பற்றி நம்பக்கூடிய ஆதாரம் இல்லாமலும் இல்லை. 1925இல் தொடங்கப்பட்டு, தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பசறையில் ஊவாவுக்கென்று ஒரு நிலையம் உண்டு. எம். ஏ. விஜேரத்ன முதலானோர் 2007இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது. தேயிலைக்கு ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் உகந்தது. பிரதேசத்தைப் பொறுத்து மாதத்துக்கு 223 முதல் 417 மில்லிமீற்றர் மழை உகந்தது. மாத மழை 100 மில்லிமீற்றர் குறைந்தால் ஹெக்டயருக்கு 30 முதல் 80 கிலோ வரை ஆக்கத் தேயிலை குறையலாம் என்று சொல்கிறது. அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 370 பங்கிலிருந்து 600 பங்காகக் கூட்டிப் பார்த்தபோது விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகரித்தது. தாழ்நிலத்துக்கு நட்டம், உயர்ந்த மலைக்கு ஓரளவு சாதகம் என்ற விதமாகத்தான் முடிவு போகிறது.

வரைவில் முதல் பாதி மட்டும் இருந்தது. ஏன் மற்றதை விட்டாய் என்று கேட்டேன். "அது தலைப்புக்கு ஒத்துவரல்ல மாமா" என்றாள். நேர்மையான பதில். நம்மில் பலர் அந்த நேர்மையும் இல்லாமல் விடுகிறோம். எதிர்த் தரப்பில் ஒருவர் இதே கட்டுரையின் மறுபாதியை மட்டும் பிய்த்தெடுத்து "புகை தேயிலைக்கு நல்லது" என்று எழுதினால் அவளுக்கு என்ன பதில் இருந்திருக்கும்? மழையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த லாபம் எங்கே கரைகிறது என்பதைக் கட்டுரையே பேசுகிறது. முழுதாக வாசித்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

தேயிலை விளைச்சல் 2022இல் விழுந்ததையும் காலநிலைக் கணக்கில் போட்டிருந்தாள். நாட்டின் உற்பத்தி 2021இல் சுமார் 30 கோடி கிலோ, 2022இல் சுமார் 25 கோடி. இடையில் 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததை எந்தச் சிறுதோட்டக்காரரும் மறக்கவில்லை. அந்தப் பத்தியை அவளே வெட்டிவிட்டாள்.

இனி மீரியபெத்த. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், பாதை எல்லாம் மண்ணுக்கு அடியில். முதல் நாள் செய்தியில் நூறு பேர், அடுத்து இருநூறு, முன்னூறு என்று எண்ணிக்கை ஏறியது. பிறகு, அந்த நேரம் பாடசாலைக்கும் வேலைக்கும் போயிருந்தவர்கள் கணக்கில் வந்ததும், அரசின் எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே இறங்கியது. ஆனால் உலகத் தொகுப்புகள் சிலவற்றில் இன்றும் 190 பேருக்கு மேல் காணாமல் போனதாகவே கிடக்கிறது. மருமகள் எடுத்தது அந்தத் தொகுப்பைத்தான். அனர்த்தம் நடந்த முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் வந்த எண்ணை ஆய்வில் போடக் கூடாது என்று நான் சொன்னபோது, "அப்ப அரசாங்கம் சொல்றதைத்தான் நம்பணுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம்ப வேண்டியதில்லை. இரண்டையும் திகதியோடு போட்டு, ஏன் வேறுபடுகிறது என்று எழுது என்றேன். ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே மலை விழுந்த பிறகும் உடனே தெரியவில்லை என்றால், அதுவே ஒரு செய்தி.

ஆனால் என்னைக் குழப்பியது எண் அல்ல. வரைவில் மீரியபெத்த ‘காலநிலை மாற்றத்தால் ஏற்பட்ட அனர்த்தம்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. இந்தத் தலைப்பை நான் பல தமிழ்க் கட்டுரைகளில் கண்டிருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் தோட்ட மக்கள் மேல் இரக்கம் உள்ளவர்கள்தான். விளைவு என்ன என்று யோசித்ததில்லை.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். மண்சரிவு அபாய வரைபடம் வரையும் வேலையை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்தபோது, முதலில் எடுத்த இரண்டு மாவட்டங்கள் நுவரெலியாவும் பதுளையும்தான். ஆக இந்த நாட்டில் மலை எங்கே விழும் என்று முதலில் வரைந்து பார்த்த இடங்களில் ஒன்று நம்முடையது. மீரியபெத்தவுக்கு 2005இல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. 2011இல் மறுபடியும் கொடுக்கப்பட்டது. இடம் மாற்றப்படவில்லை. 2014இல் மலை விழுந்தது. உயிர்தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். 2023 மார்ச்சில் அதே பூனாகலையில் கபரகலைத் தோட்டத்தில் இன்னொரு மண்சரிவு.

மழை கூடியிருக்கலாம். காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியை ஏந்தும் என்பது பெளதிகம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மலைக்கு மழை கொடுப்பது கடைசித் தள்ளு மட்டும்தான். சரிவில் காலங்காலமாகப் படிந்து கிடக்கும் தளர்ந்த மண், துப்புரவாக்காத கான்கள், வெட்டிய பாதை, சாய்வுக்குக் கீழே நூற்றாண்டுக்கு முன் வரிசையாகக் கட்டிய லயம், அதில் இருப்பவருக்கு அந்த நிலத்தில் ஒரு அங்குலமும் சொந்தமில்லாமை, இவை எல்லாம் காலநிலை அல்ல. இவற்றுக்கு ஆட்கள் உண்டு, கோப்புகள் உண்டு, திகதிகள் உண்டு. ‘காலநிலை மாற்றம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டவுடன் அந்தக் கோப்புகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. வானத்தின் மேல் யார் வழக்குப் போடுவது? நம்பகமான தகவல் என்பது சரியான எண் மட்டும் அல்ல, எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் சரியாகச் சொல்வது. இந்த ஒரு இடத்தில் நம் எழுத்து, வேண்டாமலே, பொறுப்பாளிகளுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

இதே கதை பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளுக்கும் உண்டு. உமா ஓயாத் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் குடையும்போது 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. தொடர்ந்து மேலே உள்ள ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். திட்டம் ஒருவழியாக முடிந்து 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார், 120 மெகாவாட். வரைவில் ஒரு பத்தி: "பண்டாரவளைப் பிரதேசத்தில் நிலத்தடி நீர் குறைந்து வருவது காலநிலை மாற்றத்தின் அறிகுறி." அவள் எடுத்த தரவு 2015ஆம் ஆண்டுக்குரியது! என்னுடைய சொந்தக்காரர் வீட்டுக் கிணறும் அந்த நாட்களில்தான் வற்றியது. பவுசரில் வந்த தண்ணீருக்கு வாளியோடு நின்ற அந்த உம்மாவிடம் போய் "இது பூகோள வெப்பமயமாதல்" என்று சொல்லிப் பாருங்கள்.

கொள்கை ஆவணங்களைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கை 2021இல் ஐக்கிய நாடுகளுக்குக் கொடுத்த வாக்குறுதியில், 2030க்குள் வெளியேற்றத்தை 14.5 வீதம் குறைப்போம் என்று இருக்கிறது. பத்திரிகைகளில் அந்த ஒரு எண்தான் வந்தது. ஆவணத்தைத் திறந்தால் அதில் 4 வீதம் நாமாகச் செய்வது, மீதி 10.5 வீதம் வெளியிலிருந்து உதவி கிடைத்தால் செய்வது. கல்யாண வீட்டில் சீதனம் பேசும்போது "இன்ஷா அல்லாஹ் தருவோம்" என்பதற்கும் "தந்துவிட்டோம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். 2016 முதல் 2025 வரைக்கான தேசிய இசைவாக்கத் திட்டம் ஒன்றும் இருந்தது. திட்டத்தில் எழுதியதை நடந்ததாக எழுதுவது வரைவில் மட்டுமல்ல, நான் நடுவராக இருந்த கட்டுரைப் போட்டிகளிலும் கண்ட நோய்.

மொழி இன்னொரு தடை. தமிழில் தேடினால் ‘காலநிலை மாற்றம்’ என்றால் ஒன்று வரும், ‘பருவநிலை மாற்றம்’ என்றால் தமிழ்நாட்டுக்காரர் எழுதியது வேறொன்று வரும். நாம் மண்சரிவு என்பதை அவர்கள் நிலச்சரிவு என்பார்கள். இங்கே இசைவாக்கம், அங்கே தகவமைப்பு. இரண்டு சொற்களையும் போட்டுத் தேடாதவர் பாதி எழுத்தை இழப்பார். அதைவிடப் பெரிய இழப்பு அலுவலகத் தமிழில். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து நாடு முழுதும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டபோது, மிக அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்றாக இருந்தபோது, எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்தியும் தமிழில் பிந்தியும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பு பிந்தினால் ஓர் அத்தியாயம் பிந்தும். லயத்துக்குப் பிந்தினால் என்ன என்று எழுதத் தேவையில்லை.

விமர்சனம் மட்டும் செய்தால் ராத்தா என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். பழைய தோட்டங்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மழைமானி வைத்து நாளாந்தம் குறித்து வந்திருக்கிறார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் அந்தக் கணக்குகள் போவதுண்டு. திணைக்களத்திடம் தரவு எடுக்கக் கட்டணம் உண்டு, மாணவிக்கு அது சுமை. தோட்டத்து கிளாக்கர் ஐயா அலுமாரிக்கு மேலிருந்து தூசி தட்டிப் புத்தகங்களை இறக்கினார். கரையான் தின்றது போக மிஞ்சியவை.

இரண்டு நாளில் அவள் கணினியில் ஏற்றிய அட்டவணையைப் பார்த்தால் அறுபதுகளில் மழையே இல்லை, எண்பதுகளில் பிரளயம்! பழைய பக்கங்கள் அங்குலத்தில், புதியவை மில்லிமீற்றரில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதைப் பெருக்காமல் ஏற்றிவிட்டாள். அதைத் திருத்திய பிறகும் திங்கட்கிழமைகளில் மட்டும் ஏன் இவ்வளவு கடும் மழை என்று விளங்கவில்லை. கிளாக்கர் ஐயாதான் சிரித்துக்கொண்டு சொன்னார், "ஞாயித்துக்கெழம யாரு தொரை வந்து அளக்கிறது? ரெண்டு நாளுத் தண்ணியையும் திங்கக்கெழமதான் ஊத்தி அளப்பாங்க." வெற்றுக் கட்டம் என்றால் மழை இல்லை என்று அர்த்தமல்ல, அளக்கவில்லை என்றும் இருக்கலாம். இதை எந்தப் பாடநூலில் படித்திருப்பாள்? அந்தத் திங்கட்கிழமைகளை அப்படியே விட்டிருந்தால் ‘கடும் மழை நாட்கள் அதிகரித்துள்ளன’ என்று ஓர் அத்தியாயமே எழுதியிருப்பாள், அதை இன்னொருவர் மேற்கோள் காட்டியிருப்பார்.

திரும்பி வரும்போது மேட்டு லயத்தில் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார்கள். மருமகள் தான் படித்ததை அங்கே உள்ள ஒரு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற வேண்டும் என்று. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி சொல்ற கணக்கு சரிதான் நானா. நூத்தம்பது பேஞ்சா வெளிய போகணும். எங்க போறது?" என்றார்.

மருமகள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். இப்போது வரைவின் முதல் வசனம் மாறியிருக்கிறது, ‘இரண்டாம் இடம்’ போய்விட்டது. மீரியபெத்த தனி அத்தியாயமாகி, 2005, 2011 எச்சரிக்கைகளோடு தொடங்குகிறது. அறுபத்தெட்டுப் பக்கம் நாற்பத்தொன்றாகக் குறைந்துவிட்டது என்று அவளுக்குக் கவலை.

அந்தத் தோட்டத்து மழைப் புத்தகத்தில் நடுவில் பல வருடங்கள் இல்லை. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன மாற்றங்களுக்கிடையில் எங்கோ தங்கிவிட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த வருடங்களின் பிரதியும், அந்த மேட்டு லயம் எந்த அபாய வலயத்தில் இருக்கிறது என்ற வரைபடமும் கேட்டு ஓர் அலுவலகத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன கிழமை அங்கிருந்து அழைத்தார்கள். விண்ணப்பத்தைச் சிங்களத்தில் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று மருமகள் சொல்லிவிட்டாள். இன்றைக்குப் பதினோராவது நாள்.